மெய்க் கருவியும் பொய்த் தகடும்



இந்நாட்டின் ஒலிபரப்பு, பிறர் பாவித்துக் கழித்த கருவியொன்றிலிருந்து பிறந்தது. 1921 ஆம் ஆண்டிலே இலங்கைத் தந்தி அலுவலகத்தின் பிரதம பொறியியலாளராக வந்து சேர்ந்த எட்வேர்ட் ஹாப்பர் என்பவரும் அவருடைய உதவியாளரும், முதலாம் உலகப் போரிலே கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பகுதிகளைக் கொண்டு ஓர் ஒலிபரப்பியை ஆக்கினர். கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்திலிருந்து பரீட்சார்த்தமாக இசையும் பரப்பினர். அம்முயற்சி வெற்றி பெறவே, 1925 ஆம் ஆண்டு டிசெம்பர் 16 ஆந் தேதி, தேசாதிபதி சேர் ஹியூ கிளிபோட் கொழும்பு வானொலியைத் தொடக்கி வைத்தார்.

பகைவர் கப்பலின் கருவி என்பதனாலோ, பிறர் கைப்பட்டது என்பதனாலோ அதற்கு இழுக்கு ஒன்றும் நேரவில்லை. ஏனெனில் அதனைக் கையிலெடுத்தவர்கள் பொறியியலாளர்கள். அவர்கள் மூடியைக் கழற்றிப் பார்த்தார்கள்; இன்ன சுருள் இன்னதற்கு, இன்ன வால்வு இன்னதற்கு என்று ஒவ்வோர் உறுப்பாக அறிந்தார்கள். அதன் முகப்பிலே யாருடைய பெயர் பொறிக்கப்பட்டிருந்தது என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாய் இருந்திராது. இக்காலத்திலே பழைய வானொலிக் கருவி வாங்குவோருக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. இணையத்திலே நான்கு படங்கள் தோன்றுகின்றன. ஒரு பெயர் தோன்றுகின்றது. ஒரு விலை தோன்றுகின்றது. இம்மூன்றையும் நம்பியே பணம் கைமாறுகின்றது.

பேசவும் கேட்கவும் வல்ல சிறு வானொலிக் கருவியை இருவழி வானொலி என்பர். நம் மக்கள் வாயில் அது வோக்கி-டோக்கி. எம்முடைய இளமைக் காலத்திலே, போர் நிலவிய அந்நாள்களில், அத்தகைய கருவியொன்று ஒரு குடிமகன் வீட்டிலே இருப்பது அவ்வீட்டாருக்கே பேராபத்தாய் முடிந்திருக்கும். இன்றோ காவல் நிறுவனங்கள், கட்டட ஒப்பந்தகாரர், மலையேறுவோர், விளையாட்டுப் போட்டி நடத்துவோர் எனப் பலரும் அதனை நாடுகின்றனர். புதியதன் விலை கூடுதலாகையால் பழையதைத் தேடுகின்றனர். பழையதைத் தேடும் இடத்திலே போலியும் வந்து குந்திக்கொள்கின்றது.

இதனைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி, நான் ஏமாந்தவன் என்பதே.

2019 ஆம் ஆண்டிலே எம் பாடசாலையின் வரலாற்று மன்றத்தினர் ஒரு சிறு காட்சியறை அமைக்க விரும்பினர். பழைய எழுத்தாணி, படி, மரக்கால், அரிக்கன் இலாம்பு என ஊரார் தந்த பொருள்களோடு, இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கைவானொலி ஒன்றும் இருந்தால் நன்று என்று மாணவர் கருதினர். பழைய மாணவர் பலர் பணம் திரட்டினர். இங்கிலாந்திலே வாழும் ஒருவர் இணையச் சந்தையிலே ஒன்றைக் கண்டு, அதன் படத்தை எனக்கு அனுப்பி, “சேர், இதை வாங்கலாமா?” என்று கேட்டார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக வரலாறு கற்பித்தவன் நான். படத்தை உற்று நோக்கினேன். அமெரிக்கச் சேனையின் பெயரும் 1944 என்னும் ஆண்டும் பொறித்த உலோகத் தகடொன்று தெளிவாய்த் தெரிந்தது. “வாங்கலாம்” என்றேன்.

பொருள் அவர் கைக்கு வந்து சேர்ந்த அன்று மாலை தொலைபேசியில் அழைத்தார். “சேர், திறந்து பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை, பாரத்துக்காக ஓர் ஈயக்கட்டி வைத்திருக்கிறார்கள்” என்றார். அவர் குரலில் என்மீது குறை கூறும் தொனி இருக்கவில்லை. அதுவே எனக்குக் கூடுதல் வேதனையாய் இருந்தது.

திரைப்படம் எடுப்போருக்காகவும், பழைய போர்க்காட்சிகளை நடித்துக் காட்டுவோருக்காகவும் இவ்வகை வெற்றுக் கூடுகளை வார்த்து விற்போர் உளர். இவை மாதிரி என்று சொல்லியே விற்கப்படுமாயின் அதிலே குற்றம் ஏதுமில்லை. கைமாறிக் கைமாறி வரும்போது, யாரோ ஒருவர் ‘மாதிரி’ என்னும் சொல்லைக் களைந்துவிடுகின்றார். விலை பன்மடங்கு ஏறிவிடுகின்றது.

அக்கருவியின் வரலாற்றை நான் முன்னரே கற்றிருந்தால், மூடியைத் திறவாமலே, படத்தை நோக்கியே அது போலி என்று கூறியிருக்கலாம். பின்னர்க் கற்றேன். அதனையே நேயர்களுக்கு இப்போது எடுத்துரைக்கின்றேன்.

இருவழி வானொலி முதலிலே கையில் ஏறவில்லை, வண்டியிலே ஏறியது. 1933 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்து பயோன் நகரப் பொலிசார், ஓடும் மோட்டார் வண்டியிலிருந்தே நிலையத்தோடு பேசவும் நிலையத்தைக் கேட்கவும் வழி செய்துகொண்டனர். மனிதன் தூக்கிச் செல்லக்கூடிய கருவி அதற்குச் சில ஆண்டுகள் பின்னர் வந்தது. இதனை முதன்முதல் ஆக்கியவர் யார் என்பதில் இன்றும் வழக்கு உண்டு. இங்கிலாந்திலே பிறந்து கனடாவிலே வளர்ந்த டொனால்ட் ஹிங்ஸ், காட்டுப் பிரதேசங்களிலே பறக்கும் வானோட்டிகளுக்காக 1937 ஆம் ஆண்டிலே ஒன்றை ஆக்கினார். கனடாவிலே பிறந்து அமெரிக்காவிலே வளர்ந்த அல் குரோஸ் 1938 ஆம் ஆண்டிலே மற்றொன்றை ஆக்கினார். இருவருக்கும் ஆதரவாளர் இருக்கின்றனர். முதன்மை யாருடையதாயினும், போர்க்களத்துக்கு இலட்சக்கணக்கிலே சென்ற கைவானொலி இவ்விருவருடையதும் அன்று.

அது சிக்காகோ நகரிலே கல்வின் உற்பத்திக் கம்பனியார் 1940 ஆம் ஆண்டிலே ஆக்கிய ‘ஹாண்டி-டோக்கி’ என்னும் கருவி. சேனையார் அதற்கு எஸ்.சி.ஆர். 536 என்று இலக்கமிட்டனர். அதன் வானொலிப் பாகத்துக்கு பி.சி. 611 என்பது பெயர். பற்றரிகளோடு சேர்த்து ஐந்து இறாத்தல் பாரம். நிலத்திலே ஏறக்குறைய ஒரு மைல் தூரம் பேசலாம். உள்ளே ஐந்து வால்வுகள். அவற்றின் இழைகளைச் சூடாக்கச் சிறு பற்றரி ஒன்று. தகடுகளுக்கு மின்னழுத்தம் ஊட்ட 103.5 வோல்ற்று பற்றரி வேறொன்று. நூறு வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைக் கன்னத்தருகே வைத்துக்கொண்டுதான் போர்வீரன் பேசினான்! போர் முடியுமுன் 130,000 கருவிகள் வரை செய்யப்பட்டன. 1944 ஆம் ஆண்டு ஜூன் 6 ஆந் தேதி நோமண்டிக் கரையில் இறங்கிய படைகளின் கைகளிலும் இது இருந்தது.

அதன் அமைப்பிலே ஈண்டு நாம் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதற்குத் தனியாக மின்விசை ஆளி கிடையாது. ஏரியல் கம்பியை மேலே இழுத்தால் கருவி உயிர்பெறும். உள்ளே தள்ளினால் உறங்கிவிடும். இருளிலே, மழையிலே, கைநடுக்கத்திலே, ஆளியைத் தேடவேண்டிய தேவை இல்லை. பக்கத்திலே இருப்பது பேசுவதற்கு அழுத்தும் சட்டம் மட்டுமே. அதை அழுத்தினால் பேச்சு, விட்டால் கேள்வி. மீடிறனை மாற்றும் திருகும் வெளியிலே இல்லை. உள்ளே பொருத்திய பளிங்கு எந்த மீடிறனைக் கட்டளையிடுகின்றதோ அதிலேதான் அது பேசும். மாற்றவேண்டுமாயின் கூட்டைத் திறந்து பளிங்குகளையும் சுருளையும் மாற்றவேண்டும்.

இதற்குப் பின் வந்தது முதுகிலே சுமக்கும் எஸ்.சி.ஆர். 300 என்னும் பெருங்கருவி. 1943 ஆம் ஆண்டு முதல் சேனையிலே புழங்கிய இதற்கே ‘வோக்கி-டோக்கி’ என்னும் பெயர் அக்காலத்தில் வழங்கியது. கைக்கருவிக்கு அப்பெயர் பிற்காலத்து மக்கள் வழக்கிலே ஒட்டிக்கொண்டதாகும். பெருங்கருவியை ஆக்கிய குழுவுக்கு டான் நோபிள் தலைவர். ஹென்றிக் மக்னுஸ்கி என்னும் போலந்து நாட்டுப் பொறியியலாளர் அதிலே முக்கிய பங்கு வகித்தார். அதிலே பதினெட்டு வால்வுகள். முப்பது இறாத்தலுக்கு மேற்பட்ட பாரம். மூன்று மைல் தூரப் பேச்சு. அது 40 முதல் 48 வரையுள்ள மெகாஹேட்சிலே, மீடிறனை ஏற்றி இறக்கிப் பேசும் முறையிலே இயங்கியது. கைக்கருவியோ 3.5 முதல் 6 வரையுள்ள மெகாஹேட்சிலே, அலையின் வீச்சை ஏற்றி இறக்கும் முறையிலே இயங்கியது. ஆகவே இவையிரண்டும் ஒன்றோடொன்று பேசவே இயலாது. இணைய விற்பனைப் பக்கங்களிலே, “ஒரே படைப்பிரிவில் இவை இரண்டும் ஒன்றுடனொன்று பேசிக்கொண்டன, சோடியாகத் தருகிறோம்” என்று ஒருவர் எழுதினால், அவர் பொருளைப் பற்றி அறியாதவர் என்பது அவ்வொரு வாக்கியத்திலேயே விளங்கிவிடும்.

இனி, பெயர்த்தகட்டுக்கு வருவோம். அக்கம்பனியைப் போல் கல்வின் என்பவர் 1928 ஆம் ஆண்டிலே தொடக்கினார். மோட்டார் வண்டியிலே பொருத்தும் வானொலிக்கு 1930 ஆம் ஆண்டிலே அவர் இட்ட விற்பனைப் பெயர் மோட்டரோலா. அப்பெயர் புகழ் பெற்றமையால், 1947 ஆம் ஆண்டிலே கம்பனிக்கே அது பெயராயிற்று. போர்க்காலம் முழுவதும் கம்பனியின் பெயர் கல்வின் உற்பத்திக் கம்பனி என்பதே. எமக்கு வந்த கூட்டின் தகட்டிலோ 1944 என்னும் ஆண்டும் அதன்கீழே ஆக்கியோர் பெயராக மோட்டரோலா கம்பனி என்பதும் பொறிக்கப்பட்டிருந்தன. கம்பனி அப்பெயரைச் சூடுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே அப்பெயரிலே தகடு அடித்துவிட்டார் அந்தக் கைவினைஞர்!

வரலாற்று மாணவருக்கு இது புதிய பாடம் அன்று. ரோமாபுரியின் மன்னன் கொன்ஸ்தந்தீன் நான்காம் நூற்றாண்டிலே மேற்குத் தேசங்களையெல்லாம் பாப்பரசருக்குத் தானமாக எழுதிக் கொடுத்தான் என்று ஒரு பத்திரம் ஐரோப்பாவிலே நெடுங்காலம் மதிக்கப்பட்டு வந்தது. இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா 1440 ஆம் ஆண்டிலே அதன் சொற்களை ஆராய்ந்தார். அக்காலத்து ரோமாபுரியில் வழங்காத பதவிப் பெயர்கள் அதிலே வந்திருந்தன. பத்திரம் மன்னன் காலத்தது அன்று, பல நூற்றாண்டுகள் பிந்தியது என்று நாட்டினார். நம் பக்கத்துச் செப்பேடுகளை ஆராய்வோரும் இவ்வழியே செல்வர். பட்டயம் கூறும் ஆண்டு ஒன்றாகவும், எழுத்தின் வடிவம் அதற்குப் பிந்தியதாகவும் இருப்பின், பட்டயத்தைக் கீழே வைத்துவிடுவர். பொய் சொல்பவன் தன் காலத்தை முற்றாக மறைத்துக்கொள்ள முடியாமல் எங்காவது ஓரிடத்தில் அகப்படுகின்றான். இதனை ஆண்டுதோறும் உயர்தர வகுப்பிலே கற்பித்த நான், தகட்டைக் கண்டதும் அதன் பளபளப்பிலே மயங்கினேன். படத்திலே பக்கவாட்டில் ஓர் ஆளியும் இருந்தது. ஆளி இல்லாத கருவிக்கு ஆளி! அதனையும் நான் கண்டேன். கண்டும் கேள்வி எழவில்லை. கருவியின் உள்ளியல்பை அறியாதவன் கண்ணுக்கு ஆளி இருப்பதுதானே இயல்பாய்த் தோன்றும்?

மற்றொரு புறமும் உண்டு. போர் முடிந்தபின் அமெரிக்க அரசாங்கம் மிகுதிப்பட்ட சேனைப் பொருள்களைப் பொதுமக்களுக்கு விற்றது. வானொலி ஆர்வலர் பலர் அவற்றைக் குறைந்த விலைக்கு வாங்கித் தம் தேவைக்கேற்பத் துளையிட்டனர், சுருள்களை மாற்றினர், கிடைத்த வால்வைச் செருகினர். 1947 டிசெம்பரிலே பெல் ஆய்வுகூடத்தார் திரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தனர். ஆகவே போர்க்காலக் கருவி ஒன்றின் உள்ளே திரான்சிஸ்டர் காணப்படின் அவ்வுறுப்பு பிந்தியது என்பது உறுதி. ஆனால் கருவியே போலி என்பது அதனால் உறுதிப்படாது. பிற்காலத்திலே ஒருவர் பழுது பார்த்திருக்கலாம். எங்கள் ஊர்க் கோயில் தேரிலே சில்லை ஒருமுறை மாற்றினார்கள். அச்சை ஒருமுறை மாற்றினார்கள். சிற்பங்கள் சிலவும் புதியவை. அது பழைய தேரா, புதிய தேரா என்று கேட்டால் ஊரார் சிரிப்பார்கள். எது எப்போது மாறியது என்று சொல்ல ஆள் இருக்கும் வரைக்கும் அது பழைய தேர்தான். பழைய கருவி விற்பவரிடமும் இக்கேள்வியையே கேட்கவேண்டும். “ஒன்றும் மாற்றவில்லை, எல்லாம் அன்றைய நிலையிலேயே உள்ளன” என்று சொல்பவரைக் காட்டிலும், “இந்த மூடி மட்டும் வேறு, இதை இன்ன ஆண்டில் மாற்றினேன்” என்று சொல்பவரை நான் இப்போது கூடுதலாக நம்புகின்றேன்.

இதுவரை கூறியது காட்சிப்பொருளைப் பற்றியது. அதிலே ஏமாந்தால் பணமும் மானமும் போகும். அன்றாடம் பாவிக்கும் கருவியிலே ஏமாந்தால் போவது வேறு.

ஜப்பானிலே ஒசாகா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐக்கொம் கம்பனி 1954 ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்டது. அதன் கருவிகள் வக்கயாமா என்னும் மாகாணத்திலுள்ள அதன் சொந்தத் தொழிற்சாலையிலே செய்யப்படுகின்றன. அக்கம்பனி 2004 ஆம் ஆண்டு முதல் 2014 ஒக்டோபர் வரை ஐ.சி. வி82 என்னும் கைவானொலியை உற்பத்தி செய்து, மத்திய கிழக்கு உட்படப் பல தேசங்களுக்கு அனுப்பியது. உறுதியான கருவி, ஏழு வாற்று வலு உடையது, 144 மெகாஹேட்சை அண்டிய அலைகளிலே பேசுவது. உற்பத்தி நின்றது, அதற்குரிய பற்றரியின் உற்பத்தியும் நின்றது. ஆனால் சந்தையிலே அதன் வரத்து நிற்கவில்லை. ஆண்டுகள் பல கழிந்த பின்னரும், ‘புத்தம் புதியது, பெட்டி பிரிக்காதது’ என்னும் விளம்பரத்தோடு அது விற்பனைக்கு வந்தவண்ணம் இருந்தது. போலிகள் உலவுகின்றன என்று கம்பனியும் எச்சரித்திருந்தது.

போலி செய்வோர் உற்பத்தி நின்றுபோன கருவியைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. நடப்பிலுள்ள கருவியைப் போலி செய்தால், வாங்கியவன் அங்கீகரிக்கப்பட்ட கடைக்குச் சென்று ஒப்பிட்டுப் பார்த்துவிடுவான். நின்றுபோன கருவிக்கோ ஒப்பிட ஆள் இல்லை. புகழ் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இறந்தவர் கையொப்பத்தை இடுவது எளிது அல்லவா?

2024 ஆம் ஆண்டு செப்டெம்பர் 17 ஆந் தேதி லெபனான் தேசத்திலே ஹிஸ்புல்லா இயக்கத்தினர் வைத்திருந்த பேஜர் என்னும் செய்திக் கருவிகள் ஒரே வேளையில் வெடித்தன. மறுநாள் கைவானொலிகள் வெடித்தன. சிதைந்த துண்டுகளின் படங்களிலே ஐக்கொம் என்னும் பெயரும், ஜப்பானிலே செய்யப்பட்டது என்னும் சொற்களும், வி82 என்னும் இலக்கமும் காணப்பட்டன. அவ்விரு நாள்களிலும் இறந்தோர் முப்பதுக்கு மேற்பட்டோர், அவருள் சிறுவரும் இருந்தனர், காயமுற்றோர் ஆயிரக்கணக்கினர். பேஜர் நடவடிக்கைக்குத் தாம் ஒப்புதல் அளித்ததாக இஸ்ரேலியப் பிரதமர் 2024 நவெம்பரிலே ஏற்றுக்கொண்டார். வெடிமருந்து பற்றரியின் உள்ளே மறைக்கப்பட்டிருந்தது என்பது பின்னர் வெளியான செய்தி.

ஐக்கொம் கம்பனியார் அவ்வமயம் அளித்த விளக்கத்தை நான் பலமுறை வாசித்தேன். அக்கருவி நின்று ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆயின, பற்றரியும் நின்றுவிட்டது, போலியை இனங்காண ஒட்டப்படும் ஒளிவில்லை அக்கருவியிலே இல்லை, ஆகவே அது தம்மிடமிருந்து சென்றதா என்று உறுதி கூற இயலாது என்பது அதன் கருத்து. தன் பெயரைத் தாங்கிய பொருள் தன்னுடையதா அல்லவா என்பதை ஆக்கியோனாலும் சொல்ல முடியாத நிலை! பெயர்த்தகட்டின் பெறுமதி அவ்வளவே.

அரசுகளின் மறைமுகப் போரிலே சிக்கிய பொருளை நம் போன்றோர் வாங்கப்போவதில்லை. எனினும் அந்நிகழ்ச்சி கற்பிக்கும் ஆய்வு முறை நமக்கும் உரியதே. பத்து ஆண்டுகளுக்கு முன் நின்றுபோன கருவிக்கு இன்று புத்தம் புதிய அசல் பற்றரி எங்கிருந்து வரும்? வல்லா கேட்ட கேள்வியும் இதுவே. அவ்வாறே, 144 மெகாஹேட்சை அண்டிப் பேசும் வி82, 430 மெகாஹேட்சை அண்டியும் பேசும் என்று விற்பவர் கூறுவாராயின், அவர் வாயாலேயே அது வேறு கருவி என்று ஒப்புக்கொள்கின்றார். உயர்ந்த அலைகளுக்கென்று அக்கம்பனி யூ82 என்னும் வேறொரு கருவியை ஆக்கியிருந்தது. இவ்விவரங்கள் கம்பனியார் வெளியிட்ட கைந்நூல்களிலே உள்ளன. இணையத்திலே இலவசமாய்க் கிடைப்பன. வாங்குமுன் முதலில் படிக்கவேண்டியது விற்பவரின் விளம்பரத்தை அன்று, அந்தக் கைந்நூலை.

தொடரிலக்கம் பெரும்பாலும் பற்றரியைக் கழற்றினால் அதன் பின்புறத்திலே தெரியும். விற்பவர் அப்படத்தை விளம்பரத்தில் இடாவிட்டால் கேட்டுப் பெறலாம். அன்றைய தேதியை எழுதிய தாளொன்றைக் கருவியருகே வைத்துப் படம் எடுக்குமாறு கேட்பது இன்னும் நன்று; பிறர் படத்தைத் திருடி விற்பவர் இவ்விடத்திலே மறைந்துவிடுவார். ஒரே தொடரிலக்கம் இரண்டு விற்பனையாளரின் படங்களிலே காணப்படுமாயின் மேலும் ஆராயவேண்டியதில்லை. அமெரிக்கச் சந்தைக்கென ஆக்கப்பட்ட கருவிகளிலே அந்நாட்டு ஆணையம் வழங்கிய அடையாள எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதனை ஆணையத்தின் பொதுப் பதிவேட்டிலே தேடினால், எக்கம்பனியின் எக்கருவிக்கு அது வழங்கப்பட்டது என்று தெரியும். பல வேளைகளிலே உள்ளுறுப்புகளின் படங்களும் கிடைக்கும். போலி செய்வோர் எண்ணையும் பார்த்து எழுதிவிடலாம். உள்ளுறுப்புகளை அவ்வாறு பார்த்து எழுத இயலாது.

ஒளிவில்லையைப் பற்றி ஒரு சொல். கோணத்துக்குக் கோணம் நிறம் மாறும் அந்தச் சிறு ஒட்டுத்தாளைக் கண்டதும் மக்கள் மனம் ஆறிவிடுகின்றனர். நிறம் மாறும் தாளை எவரும் அச்சிடலாம். அது இல்லாவிடில் ஐயுறலாம், இருப்பதனாலேயே நம்பிவிடலாகாது.

கருவி கைக்கு வந்தபின் செய்யத்தக்க சோதனைகள் வேறு. பல கருவிகளைக் கணினியோடு இணைத்து, ஆக்கியோரின் சொந்த மென்பொருளால் அலைவரிசைகளைப் பதிவு செய்யலாம். வேற்று உறுப்புகளைக் கொண்ட போலியை அம்மென்பொருள் பெரும்பாலும் இனங்கொள்ளாது. அதனினும் சிறந்த சோதனை, அது பேசும்போது அதன் அலையை அளந்து பார்ப்பது. நல்ல கருவி 145 மெகாஹேட்சிலே பேசுமாயின், அதன் வலு ஏறக்குறைய முழுவதும் அங்கேயே நிற்கும். வடிகட்டும் உறுப்புகளைச் சிக்கனம் செய்த கருவி 290 இலும் 435 இலும் கூடத் தன் குரலைச் சிந்தும். நாம் கேளாத இடத்திலே, நமக்குத் தெரியாமல், பிறர் பேச்சைக் குலைக்கும். அமைச்சூர் வானொலியாளரிடம் இதனை அளக்கும் கருவி இருக்கும், கேட்டால் மறுக்கமாட்டார்கள்.

நம் நாட்டிலே இதற்கு முன்படி ஒன்று உண்டு. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி, இத்தகைய கருவியைப் பாவிக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். அதனை வழங்குவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. பணம் செலுத்திக் கருவியை வரவழைத்தபின் சுங்கத்தார் முன்னே கைபிசைந்து நிற்பதிலும், முன்னரே ஆணைக்குழுவைக் கேட்டறிவது மேல். அக்கேள்விக்கு விடையளிக்கும்போது அவர்கள் கருவியின் மாதிரிப் பெயரையும் ஆக்கியோரையும் நம்மிடம் கேட்பார்கள். அவ்விரண்டையும் நாம் உறுதியாக அறிந்துள்ளோமா என்பது அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

ஒரு சிறு கைக்கருவிக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று எவரேனும் எண்ணுவாராயின், 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆந் தேதியை நினைவுகூர வேண்டுகிறேன். ஆழிப்பேரலை வந்துபோன கரைகளிலே தொலைபேசிகள் ஊமையாயின. விக்டர் குணதிலக என்னும் அமைச்சூர் வானொலியாளரும் அவர்தம் தோழரும் சிற்றலைக் கருவிகளோடு அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே தொடர்பு ஏற்படுத்தினர். அக்கருவிகளின் பெயர்த்தகடுகளை அன்று எவரும் வாசித்திருக்கமாட்டார்கள். ஆயினும் அவை பேசவேண்டிய வேளையிலே பேசின. கருவியைத் தேர்ந்தவர்கள் அதனை உள்ளும் புறமும் அறிந்தவர்களாய் இருந்தார்கள்.

இனி எம் பாடசாலைக் கூட்டுக்கு நேர்ந்ததைச் சொல்லி முடிக்கின்றேன். பணத்தைத் திரும்பப் பெற முயன்றோம். விற்றவரின் பக்கமே மறைந்துவிட்டது. பழைய மாணவர் அந்த வெற்றுக் கூட்டை அடுத்த முறை ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து தந்தார். எறிந்துவிட மனம் வரவில்லை. காட்சியறையிலே, எழுத்தாணிக்கும் மரக்காலுக்கும் நடுவே அதனை வைத்து, ‘போலி’ என்று பெரிய எழுத்திலே எழுதி, அதன்கீழே நான் கண்ட நான்கு குற்றங்களையும் வரிசையாய் எழுதிவைத்தேன். ஆளி ஒன்று, கம்பனியின் பெயர் இரண்டு, உள்ளே வெறுமை மூன்று. தகட்டை இறுக்கிய திருகாணிகளின் தலையிலே சிலுவை வடிவப் பள்ளம் இருந்தது. அவ்வகைத் திருகாணி போருக்குப் பின்னரே வந்திருக்கவேண்டும் என்று கருதி, அதனை நான்காவதாய்ச் சேர்த்திருந்தேன்.

சில மாதங்கள் கழிந்தபின் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி என் அலுவலக வாசலில் வந்து நின்றாள். “சேர், அந்த நாலாவது பிழை” என்றாள். எது பிழை என்று கேட்டேன். சிலுவைத் தலைத் திருகாணிக்கு ஹென்றி பிலிப்ஸ் என்பவர் 1936 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவிலே காப்புரிமை பெற்றுவிட்டார். அவ்வாண்டிலேயே மோட்டார் வண்டித் தொழிற்சாலை அதனைப் பயன்படுத்தவும் தொடங்கிவிட்டது. ஆகவே 1944 ஆம் ஆண்டுத் தகட்டிலே அது இருப்பது குற்றமாகாது என்றாள். வாசிகசாலையிலே இருந்த புத்தகத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். இருவரும் காட்சியறைக்குச் சென்றோம். நான்காவது வரியை அவளே பேனாவால் வெட்டி, பக்கத்திலே தேதியும் இட்டாள்.